ஃபார்திங்: அரசர்கள் அச்சிட விரும்பாத காசு

பழைய ஆங்கில நாவல்களைப் படித்தவர்கள் ‘ஃபார்திங்’ என்ற சொல்லில் ஒருமுறையாவது இடறியிருப்பார்கள். அகராதியைப் புரட்டினால் ‘சிறு செப்புக்காசு’ என்று போட்டிருக்கும். தவறில்லை. ஆனால் அதைவிடச் சரியான பொருள் நம் வாய்ப்பாட்டிலேயே இருக்கிறது. ஃபார்திங் என்றால் கால். ‘நான்காவது’ என்பதற்கான பழைய ஆங்கிலச் சொல்லோடு ஒரு விகுதி ஒட்டிப் பிறந்த பெயர் அது. பென்னியில் கால் பங்கு ஒரு ஃபார்திங்.

1971 பிப்ரவரி 15 அன்று பத்தின் மடங்குக் கணக்குக்கு மாறும்வரை பிரிட்டனில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். பவுனுக்கு 240 பென்னி. ஃபார்திங்கில் எண்ணினால் 960. இன்றைய பிள்ளைகளுக்கு இது தலைசுற்றும். அணா, தம்படி என்று கணக்குப் போட்ட தாத்தாக்களுக்கு இதில் புதிர் எதுவும் இருந்திருக்காது. 12 தம்படி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய், அணாவில் கால் பங்கு காலணா.

காலணாவும் ஃபார்திங்கும் பெயரில் மட்டும் சகோதரர்கள் அல்ல. 1899 முதல் முதலாம் உலகப் போர்க் காலம் வரை ரூபாயின் மாற்று மதிப்பு 1 ஷில்லிங் 4 பென்னி என்று கட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரு தங்கப் பவுனுக்கு 15 ரூபாய். 1 ஷில்லிங் 4 பென்னி என்பது 16 பென்னி. ரூபாய்க்கும் 16 அணா. ஆக, அந்த ஆண்டுகளில் ஓர் அணா சரியாக ஒரு பென்னி. ஒரு காலணா சரியாக ஒரு ஃபார்திங். ‘காலணாவுக்குப் பிரயோஜனமில்லை’ என்று சென்னையில் ஒருவர் சலித்துக்கொண்டபோதும், ‘ஒரு ஃபார்திங் பெறாது’ என்று லண்டனில் இன்னொருவர் உதட்டைப் பிதுக்கியபோதும் இருவரும் குறிப்பிட்டது ஒரே தொகையைத்தான்.

இந்தக் கால் பென்னி ஏறத்தாழ 700 ஆண்டுகள் புழங்கியது. அந்த 700 ஆண்டுகளிலும் தீராமல் ஓடிய வழக்கு ஒன்றுண்டு. வாங்கித் தின்கிறவனுக்கு அந்தக் காசு வேண்டும். அச்சிடுகிறவனுக்கு அது வேண்டாம்.

வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது. இடைக்கால இங்கிலாந்தில் காசு என்றால் வெள்ளிப் பென்னிதான். சுத்தியலால் அடித்துச் செய்வது. காசு அடிப்பவர்களுக்குக் கூலி வெள்ளியின் எடைக்கு ஏற்ப. ஒரே எடை வெள்ளியை 240 பென்னியாகவும் அடிக்கலாம், 960 ஃபார்திங்காகவும் அடிக்கலாம். கூலி ஒன்றுதான், வேலை நான்கு மடங்கு. எந்தத் தட்டான் ஃபார்திங்குக்கு ஆசைப்படுவான்?

வேண்டும் என்பதற்கான காரணம் அதைவிட எளிது. 13-ஆம் நூற்றாண்டில் பென்னி சில்லறைக் காசே அல்ல. கூலியாள் ஒருவரின் நாள் சம்பளமே ஒன்றரை, இரண்டு பென்னி. இன்றைக்கு நம்மிடம் 500 ரூபாய் நோட்டு மட்டுமே இருந்து, வேறு எதுவுமே அச்சில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீரைக்கட்டு எப்படி வாங்குவது?

மக்கள் கண்டுபிடித்த வழி, பென்னியை வெட்டுவது. பென்னியின் பின்புறத்தில் ஒரு சிலுவை உண்டு. அதன் ஒரு கோட்டின் மேல் வெட்டினால் அரைப் பென்னி, இரு கோடுகளிலும் வெட்டினால் நான்கு கால் பென்னிகள். கேக் துண்டு போன்ற அந்தக் கால் பகுதிகள் இன்றும் இங்கிலாந்தின் வயல்களில் உழவுக்கு அகப்படுகின்றன. பல நாணயக் கூடங்களிலேயே வெட்டித் தந்தார்கள் என்பதற்கும் சான்று உண்டு. அந்த நிலையில் ‘கால்’ என்பது நாணயத்தின் பெயர்கூட அல்ல. கையில் இருப்பது உண்மையிலேயே காலாக நறுக்கப்பட்ட வெள்ளித் தகடு. வெட்டியவன் தன் பக்கம் கொஞ்சம் அதிகமாக வெட்டினான் என்ற சண்டை எத்தனை நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் காலத்தைச் சேர்ந்த ஒரு சட்டம் ஃபார்திங் எவ்வளவு ஆழமாக அன்றாட வாழ்வில் ஊறியிருந்தது என்பதைக் காட்டுகிறது. மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1266-ஐ ஒட்டி வந்த ரொட்டி, பியர் விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. அதில் ரொட்டியின் விலை மாறுவதே இல்லை. ஃபார்திங் ரொட்டி என்றால் என்றைக்கும் ஒரு ஃபார்திங்தான். மாறுவது எடை. கோதுமை விலை ஏறினால் ரொட்டி இளைக்கும். விலை இறங்கினால் கொழுக்கும். எந்த விலைக்கு எந்த எடை என்று சட்டமே பட்டியல் போட்டது, அந்த எடையையும் பவுன், ஷில்லிங் கணக்கிலேயே சொன்னது. காசே எடைக்கல்லாகவும் இருந்த காலம். கோதுமை ஒரு குவார்ட்டர் (அன்றைய தானிய முகத்தலளவை) 12 பென்னிக்கு விற்றால், ஃபார்திங் ரொட்டி 6 பவுன் 16 ஷில்லிங் எடை இருக்க வேண்டும் என்பது பட்டியலின் முதல் வரி. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் விலை மாறாமல் ஆண்டுக்கு ஆண்டு மெலிவதைப் பார்த்துப் புலம்புகிறோமே, அந்த உத்தி அன்றைக்குச் சட்டமாகவே இருந்தது. ஒரு வித்தியாசம்: எவ்வளவு மெலியலாம் என்று அரசு வரம்பு கட்டியிருந்தது, மீறினால் ரொட்டிக்காரருக்குத் தண்டனையும் உண்டு.

முழு வட்டமான வெள்ளி ஃபார்திங் முறையாக வந்தது 1279-இல், முதலாம் எட்வர்டு செய்த நாணயச் சீர்திருத்தத்தில். நோக்கம் நல்லதுதான். ஆனால் அரை கிராமுக்கும் குறைவான எடை. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய காசு. விரலிடுக்கில் நழுவினால் தரையோடு போயிற்று. வெள்ளியின் விலை ஏற ஏற அது இன்னும் சுருங்கியது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆறாம் எட்வர்டு ஆட்சியோடு, வெள்ளி ஃபார்திங் நின்றுவிட்டது. அதற்குமேல் சின்னதாக்கினால் காசு என்று சொல்லிக் கையில் எடுக்கவே முடியாது.

முதலாம் எலிசபெத் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஃபார்திங் அச்சிட முடியாது. எனவே முக்கால் பென்னி அச்சிட்டார்கள். 1561-இல் வந்தது முக்கால் பென்னி வெள்ளிக்காசு, அதாவது மூன்று ஃபார்திங். கால் பென்னி பொருள் வாங்கப் போகிறீர்கள், பென்னியை நீட்டுகிறீர்கள், கடைக்காரர் முக்கால் பென்னியைத் திருப்பித் தருகிறார். கணக்குத் தீர்ந்தது. கால் என்ற காசே இல்லாமல் காலைச் செலவழிக்கும் வித்தை. மற்றக் காசுகளோடு குழம்பாமல் இருக்க ராணியின் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாவைப் பொறித்தார்கள். நம் பழைய கணக்கில் முக்காலுக்குத் தனிக் குறியே இருந்ததால் இதெல்லாம் நமக்கு வியப்பில்லை. பிரிட்டிஷ் நாணய வரிசையில் வேறெந்த அரசரும் முக்கால் பென்னி அடிக்கவில்லை.

வெள்ளியில் முடியாது என்றால் செம்பில் அடிக்கலாமே? அதற்கு அரசர்களின் கௌரவம் குறுக்கே நின்றது. அரசனின் முகம் பொன்னிலும் வெள்ளியிலும்தான் இருக்கலாம். செம்பு கீழ்ச்சாதி உலோகம். 1613-இல் முதலாம் ஜேம்ஸ் இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டார். செப்பு ஃபார்திங் அடிக்கும் உரிமையை ஹாரிங்டன் பிரபு என்பவருக்குக் குத்தகையாகக் கொடுத்துவிட்டார். ஜேம்ஸின் மகள் இளவரசி எலிசபெத்தை வளர்க்கும் பொறுப்பில் ஹாரிங்டன் கையிலிருந்து பெருந்தொகை செலவாகியிருந்தது. அந்தக் கடனை அரசர் தன் பையிலிருந்து அடைக்கவில்லை. ஏழைகளின் சில்லறைப் பையைக் காட்டிவிட்டார். பாவம், ஹாரிங்டன் அனுபவிக்கவில்லை. மணமான இளவரசியை ஜெர்மனியில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அதே ஆண்டு இறந்துபோனார். உரிமை பிரபுக்கள் கை மாறிக்கொண்டே இருந்தது.

அந்தக் காசுகளைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர் யாருமில்லை. காகிதம் போல மெல்லியவை. கால் பென்னி மதிப்புக்குப் பக்கத்தில்கூட வராத செம்பு. 20 ஷில்லிங் வெள்ளி கொடுத்தால் 21 ஷில்லிங்குக்கு ஃபார்திங் தருவோம் என்று உரிமைக்காரர்கள் ஆசை காட்டினார்கள். அதை வாங்கிய முதலாளிகள் அதிலேயே கூலி கொடுத்து, இடையில் உள்ள ஒரு ஷில்லிங்கை விழுங்கினார்கள். கூலி வாங்கியவர் அதை வெள்ளியாக மாற்றப் போனால் யாரும் வாங்குவதில்லை. கள்ளக்காசும் சேர்ந்துகொண்டது. கள்ளக்காசைத் தடுக்க 1636-இல் செம்பின் நடுவே பித்தளை ஆப்பு செருகிப் பார்த்தார்கள். உள்நாட்டுப் போர் மூண்டபின், 1644-இல் நாடாளுமன்றம் அந்தக் குத்தகையையே ஒழித்தது.

ஒழித்ததே தவிர மாற்று எதுவும் தரவில்லை. அப்போதுதான் கடைக்காரர்கள் களத்தில் இறங்கினார்கள். 1648 தொடங்கி 1672 வரை, மெழுகுவர்த்தி வியாபாரி, மளிகைக்காரர், சத்திரக்காரர், காப்பிக்கடைக்காரர் என்று ஆளாளுக்குத் தங்கள் பெயரிலேயே ஃபார்திங் அடித்துக்கொண்டார்கள். ஒருபுறம் பெயரும் ஊரும். மறுபுறம் தொழிலின் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சர்க்கரைக்கூம்பின் படத்தைப் பார்த்து இது மளிகைக்கடைக் காசு என்று கண்டுகொள்ளலாம். சிலர் ‘அவசியமான சில்லறைக்காக’ என்று மன்னிப்புக் கேட்பது போல ஒரு வரியையும் பொறித்தார்கள். இப்படி ஆயிரக்கணக்கான வகைகள். சில்லறை இல்லையென்று மிட்டாய் நீட்டும் கடைக்காரர்களை நமக்குத் தெரியும். இவர்கள் அதற்கு அண்ணன்மார். ஆனால் அந்தக் காசு செல்லும் எல்லை அந்தக் கடைக்காரரின் நாணயத்தைப் பொறுத்தது. நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருளும் இருப்பது எவ்வளவு வசதி!

கடைசியில் 1672-இல் இரண்டாம் சார்லஸ் பிரகடனம் போட்டார். அரசின் சொந்தச் செப்பு ஃபார்திங் வந்தது, தனியார் காசு குற்றமாயிற்று. செம்புத் தகடுகளை ஸ்வீடனிலிருந்து வரவழைத்தார்கள். பின்புறத்தில் கேடயமும் வேலுமாக அமர்ந்திருக்கும் பெண், பிரிட்டானியா. ரோமானியர் காலத்துக்குப் பிறகு அவள் மீண்டும் நாணயத்தில் ஏறியது இந்தக் காசுகளில்தான். அவளுக்கு மாதிரியாக நின்றவர், மன்னர் விரட்டி விரட்டிக் காதலித்தும் மசியாத பிரான்சஸ் ஸ்டூவர்ட் என்று சொல்லுவார்கள். ஒரு நாட்டின் உருவகமே நாட்டின் மிக மலிவான காசில்தான் முதலில் இடம்பிடித்தது.

செம்பு நிலைத்தது என்று நினைத்தால், 1684-இல் தகரத்துக்குத் தாவினார்கள். கார்ன்வால் சுரங்கங்களில் வெள்ளீயம் விற்காமல் குவிந்து கிடந்தது. அதைச் செலவழிக்க ஒரு வழி. நடுவில் ஒரு செப்பு ஆணி, விளிம்பில் ஆண்டும் ‘காசுகளின் பணியாள்’ என்று பொருள்படும் லத்தீன் வாசகமும். ஈரம் பட்டால் அந்தப் பணியாள் அரித்துப் பொடியாகிவிடுவான். எட்டே ஆண்டில், 1692-இல், கைவிட்டார்கள்.

குத்தகை நோய் மட்டும் தீரவில்லை. கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போயிற்று. 1722-இல் வில்லியம் வுட் என்ற இரும்பு வியாபாரி, அயர்லாந்துக்கு அரைப் பென்னியும் ஃபார்திங்கும் அடித்துத் தரும் உரிமையைப் பெற்றார். பெற்றார் என்பதைவிட வாங்கினார் என்பது பொருந்தும். அரசர் முதலாம் ஜார்ஜின் காதலி கெண்டல் சீமாட்டிக்கு 10,000 பவுன் கைமாறியது. டப்ளின் நாடாளுமன்றத்தை ஒருவரும் கேட்கவில்லை. 1724-இல், துணிக்கடைக்காரர் ஒருவர் எழுதுவது போன்ற பாவனையில் கடிதங்கள் அச்சாகி வந்தன: இந்தக் காசைத் தொடாதீர்கள், வாங்காதீர்கள். எழுதியவர் பாதிரியார் ஜொனாதன் ஸ்விஃப்ட் என்பது ஊரறிந்த ரகசியம். எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுன் என்று அரசு அறிவித்தது. டப்ளினில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது லண்டன் நாணயக் கூடத்தின் தலைவர் ஐசக் நியூட்டன். அவர் வுட்டின் காசுகளைச் சோதித்து, உலோகத்தில் குறையில்லை, ஒப்பந்தப்படியே இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். நியூட்டன் சொன்னது சரி. ஆனால் சண்டை செம்பைப் பற்றியது அல்லவே. எங்களைக் கேட்காமல் எங்கள் பையில் யார் காசு போடுவது என்பதுதான் கேள்வி. 1725-இல் உரிமை ரத்தானது. ‘வேண்டாம்’ என்ற ஒரே சொல்லால் ஒரு குடியேற்ற நாடு பேரரசின் காசைத் திருப்பி அனுப்பியது.

அடுத்த நூறாண்டைச் சுருக்கமாகவே தாண்டலாம். கள்ளக்காசுகள் பெருகின, 1799-இல் மேத்யூ போல்ட்டன் பர்மிங்காமில் நீராவி இயந்திரத்தால் ஃபார்திங் அடித்தார். 1860-இல் செம்பு போய் வெண்கலம் வந்தது. அதன்பின் ஃபார்திங் 20 மில்லிமீட்டர் அகலமும் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவான எடையும் கொண்ட கச்சிதமான காசாக நிலைபெற்றது.

இதற்கு நடுவே, நம் பக்கத்துக் கரையில் ஒன்று நடந்தது. அது இலங்கையில். டச்சுக்காரர்களிடமிருந்து தீவைப் பறித்த ஆங்கிலேயர் சில காலம் அங்கே பழைய ரிக்ஸ்டாலர் கணக்கையே தொடர்ந்தார்கள். ஒரு ரிக்ஸ்டாலருக்கு 12 பணம், 48 ஸ்டைவர். 1825-இல் இங்கிலாந்தின் நாணயமே இலங்கையிலும் செல்லும் என்று ஆக்கி, ஒரு ரிக்ஸ்டாலர் 1 ஷில்லிங் 6 பென்னி என்று மதிப்புக் கட்டினார்கள். வகுத்துப் பாருங்கள்: ஒரு ஸ்டைவர் ஒன்றரை ஃபார்திங். ஃபார்திங்கே கடைசிக் காசு என்றால், அந்த அரைக்கு எங்கே போவது? தவிர, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஏழைகள் வாங்கிய பொருள்களின் விலை லண்டன் விலையைவிட மிகக் குறைவு. அங்கே ஃபார்திங்கே பெரிய காசு.

எனவே 1828-இல் இலங்கைக்கென்றே அரை ஃபார்திங் அச்சானது. மூன்று அரை ஃபார்திங் சேர்ந்தால் சரியாக ஒரு ஸ்டைவர். அதுவும் போதாமல் 1839-இல் கால் ஃபார்திங் வந்தது. பவுனில் 3,840-இல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் நாணய வரலாற்றில் அதைவிடச் சிறிய மதிப்புள்ள காசு அச்சாகவே இல்லை. பிரிட்டனின் மிகச் சிறிய காசு பிரிட்டனுக்காக அடிக்கப்பட்டதல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் இவற்றுக்கெல்லாம் புதுப் பெயர் கிடைக்காமல் ‘ஃபார்திங்கில் பாதி’, ‘ஃபார்திங்கில் கால்’ என்று ஒட்டுப்போட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சந்தையில் எண்சுவடி படித்த ஒருவருக்கு அதற்கெல்லாம் தேவையே இல்லை. பென்னியில் நான்கில் ஒன்று கால். எட்டில் ஒன்று அரைக்கால். பதினாறில் ஒன்று மாகாணி. ‘அரை ஃபார்திங்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினாலே ‘அரைக்கால்’தான் வரும். ஆங்கிலேயர் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்த இடத்தில் நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் ஏற்கெனவே சப்பணம் கொட்டி உட்கார்ந்திருந்தார்கள். மால்டா தீவுக்கென்று 1827-இல் அடித்த மூன்றில் ஒரு பங்கு ஃபார்திங்குக்கும் நம்மிடம் ஆள் உண்டு. பென்னியில் பன்னிரண்டில் ஒன்று அது. அணாவில் பன்னிரண்டில் ஒன்றான தம்படிக்கு நேர் ஜோடி. இலங்கை 1872-இல் ரூபாய், சதம் கணக்குக்கு மாறியதோடு இந்த அரைக்கால், மாகாணிக் கதை முடிந்தது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஃபார்திங் வேலை கொடுத்தது. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் இரண்டு வெவ்வேறு ரோமானியக் காசுகளுக்கு ஃபார்திங் என்ற ஒரே பெயர். அவற்றில் ஒன்று குவாட்ரன்ஸ். அதற்கும் லத்தீனில் ‘கால்’ என்றே பொருள், எனவே அந்த இடத்தில் மொழிபெயர்ப்பு அபாரம். ஏழை விதவை காணிக்கை போடும் இடத்தில் ‘ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு’ என்கிறது பழைய தமிழ் விவிலியம். துட்டு என்பது டச்சுக்காரர்களின் செப்புக்காசு விட்டுச்சென்ற சொல் என்பார்கள். ரோமக் காசு ஆங்கிலத்தில் ஃபார்திங்காகி, தமிழில் டச்சுக் காசாகி நிற்கிறது. இதில் எந்த அவமானமும் இல்லை. மிகச் சிறிய காசு எது என்பது கேட்கிறவரின் பைக்குள் இருந்துதான் தெரியவேண்டும்.

இனி இங்கிலாந்தின் தெருவுக்குத் திரும்புவோம். விக்டோரியா காலத்துத் துணிக்கடைகளில் ஒரு ஷில்லிங் என்று விலை போடமாட்டார்கள். பதினொன்றே முக்கால் பென்னி என்று போடுவார்கள். 99 ரூபாய், 999 ரூபாய் விளம்பரங்களின் கொள்ளுத்தாத்தா. மீதி ஃபார்திங்கை யார் எண்ணித் தருவது? அதற்குப் பதிலாக ஒரு தாளில் குத்திய குண்டூசிகளை நீட்டிவிடுவார்கள். வாங்குகிறவருக்கு வேண்டுமோ வேண்டாமோ, கடைக்காரருக்கு அதிலும் ஒரு சின்ன லாபம். தங்க அரைப் பவுன் காசும் ஃபார்திங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்ததால் புது ஃபார்திங்குக்கு முலாம் பூசி ஏமாற்றுகிறவர்களும் இருந்தார்கள். அதைத் தடுக்க 1897 முதல் சுமார் 20 ஆண்டுகள் நாணயக் கூடமே ஃபார்திங்கைக் கறுப்பாக்கி வெளியிட்டது. பெரிய சக்கரமும் சிறிய சக்கரமும் கொண்ட அந்தக் காலச் சைக்கிளுக்குப் பென்னி-ஃபார்திங் என்ற பெயர் அருகருகே வைத்த இந்த இரண்டு காசுகளிலிருந்து வந்தது. வண்டி வழக்கொழியத் தொடங்கியபோதுதான் பெயர் ஒட்டியது என்பது தனி வேடிக்கை.

கிழக்கு லண்டனின் போ பகுதியில் கிளாரா கிராண்ட் என்ற ஆசிரியை 1907-இல் தொடங்கிய வழக்கம், ஃபார்திங் பொட்டலம். வீடுகளில் வேண்டாமென்று தந்தவற்றைச் சேர்த்துப் பொட்டலம் கட்டுவார்: ஊதல், பாசிமணி, பொம்மைத் துணி, காலித் தகரம், வண்ணத்தாள். விலை ஒரு ஃபார்திங். கூட்டம் தாங்கமுடியாமல் போகவே, வாசலில் தாழ்வான மரவளைவு ஒன்றை வைத்தார். குனியாமல் அதற்குள் நுழையும் உயரமுள்ள பிள்ளைக்குத்தான் பொட்டலம். சனிக்கிழமை காலைகளில் வளைவை முட்டிவிடாமல் தப்ப முழங்காலை மடக்கி நெளிந்த பிள்ளைகளைக் கற்பனை செய்ய அதிக முயற்சி வேண்டாம். அவர் ஏன் இலவசமாகத் தரவில்லை என்று கேட்கலாம். இலவசம் வேறு, வாங்குவது வேறு. ஏழை வீட்டுப் பிள்ளையும் கையில் காசோடு வரிசையில் நிற்கலாம் என்பதை அந்தக் கால் பென்னி சாத்தியமாக்கியது.

அதே காசை நீதிமன்றம் வேறு விதமாகப் பயன்படுத்தியது. வழக்கில் நீ சொல்வது சட்டப்படி சரி, ஆனால் நீ இங்கே வந்தே இருக்கக்கூடாது என்று நடுவர்குழு நினைத்தால், நஷ்டஈடாக நாட்டின் மிகச் சிறிய காசைத் தரச் சொல்லும். 1878-இல் ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர், விமர்சகர் ஜான் ரஸ்கின் மீது அவதூறு வழக்குப் போட்டார். இரவு வானில் வாணம் சிதறுவதைத் தீட்டிய விஸ்லரின் ஓவியத்துக்கு 200 கினி (ஒரு கினி 21 ஷில்லிங்) விலை. பொதுமக்கள் முகத்தில் ஒரு சட்டி வண்ணத்தை எறிந்ததற்கு இவ்வளவா என்று ரஸ்கின் எழுதியிருந்தார். விஸ்லர் வென்றார். கிடைத்தது ஒரு ஃபார்திங். தன் பங்கு வழக்குச் செலவு அவர் தலையில் விழுந்து, அடுத்த ஆண்டே திவாலானார். அந்த ஃபார்திங்கைக் கடிகாரச் சங்கிலியில் கோத்து அணிந்துகொண்டார் என்று கதை. நஷ்டத்தையும் நகையாக்கத் தெரிந்த மனிதர்.

1937-இல் பிரிட்டானியா விடைபெற்றாள். ஹரால்டு வில்சன் பார்க்கர் வடித்த ரென் என்ற சின்னஞ்சிறு குருவி ஃபார்திங்கின் பின்புறத்தில் வந்து அமர்ந்தது. பிரிட்டனின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று அது. மிகச் சிறிய காசுக்குப் பொருத்தம். நாணயக் கலையில் அவ்வளவு அழகான காசு குறைவு என்பேன். 700 ஆண்டுகளில் ஒருமுறைகூட மரியாதை பெறாத காசுக்கு, அந்திமக் காலத்தில் யாரோ அக்கறை எடுத்து அலங்காரம் செய்தார்கள். விலைவாசி அதை விட்டுவைக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கால் பென்னிக்கு வாங்க ஒன்றுமில்லாமல் போயிற்று. 1956-இல் அச்சு நின்றது. அதற்கு அடுத்த ஆண்டு, 1957 ஏப்ரலில், இந்தியா நயா பைசாவுக்கு மாறிக் காலணாவுக்கும் விடைகொடுத்தது. ஃபார்திங் 1960 டிசம்பர் 31 வரை செல்லுபடியாகி, மறுநாள் செல்லாக்காசானது.

நீதிமன்றங்களுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல். 1964-இல், ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் பணிபுரிந்த டெரிங் என்ற மருத்துவர், தன்னைப் பற்றி எழுதியதற்காக நாவலாசிரியர் லியோன் யூரிஸ் மீது லண்டனில் அவதூறு வழக்கு நடத்தினார். நூலில் சொல்லப்பட்ட எண்ணிக்கைகள் தவறு என்பதால் சட்டப்படி டெரிங் பக்கம் தீர்ப்பு. சாட்சிகள் சொன்னதைக் கேட்ட நடுவர்குழு, அவருடைய மானத்துக்கு நாட்டின் மிகச் சிறிய காசை விலையாக வைத்தது. ஃபார்திங் மறைந்து மூன்றாண்டு ஆகியிருந்ததால் அவருக்கு அரைப் பென்னி கிடைத்தது.